தூங்காத மந்திரவாதியும் ஊட்டி ஸ்நூக்கரும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடாதவங்களும் படிக்கலாம், புரியற மாதிரிதான் எழுதியிருக்கேன்.

தெரியாதவங்களுக்காக நாலு வரி. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன்னு ரெண்டு அமெரிக்கர்கள் உருவாக்கின ஆட்டம், 1974ல வெளிவந்தது. ஜெயிச்சவன் தோத்தவன் கிடையாது. ஒருத்தர் கதையை நடத்துவார், அவர்தான் டிஎம். மத்தவங்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். ஒரு காரியம் நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வந்தா இருபது முகம் இருக்கற பகடையை உருட்டணும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பலம், சுறுசுறுப்பு, உடல் உறுதி, அறிவு, விவேகம், வசீகரம்னு ஆறு எண்கள் உண்டு.

அந்த எண்களை எப்படிப் போடறதுங்கறதுலதான் தகராறு. ஒரு கோஷ்டி விதிப் புத்தகத்தைக் கரைச்சுக் குடிச்சுட்டு, எந்த மந்திரத்தோட எதைச் சேர்த்தா அடி அதிகம் விழும்னு கணக்குப் போடும். இன்னொரு கோஷ்டி "நீ ஆட வந்தியா, கணக்குப் பரீட்சை எழுத வந்தியா?"ன்னு கேட்கும். கணக்குப் போடறவனுக்குப் பாத்திரமா வாழத் தெரியாதுங்கற நினைப்புக்கு 'ஸ்டார்ம்விண்ட் ஃபாலசி'ன்னு பேர்கூட வெச்சிருக்காங்க. ரெண்டும் ஒருத்தன்கிட்டயே இருக்கலாம், ஒண்ணு இன்னொண்ணைத் தின்னாதுங்கறது அதோட சாரம். நானும் அந்தக் கட்சிதான். ஆனா அப்படிச் சொல்லிட்டா பிரச்சினை தீர்ந்துடுதாங்கறதுதான் கேள்வி.

குன்னூர்ல நாங்க அஞ்சு பேர் ஆடறோம். டிஎம் எங்க சீனியர் அக்கா. என் பாத்திரம் தேயிலை பறிக்கிற ஒரு குள்ளப் பாட்டி. வாள் பிடிக்கத் தெரியாது, ஆனா விவேகம் அதிகம். புதருக்குப் பின்னாடி காட்டெருமை நிக்குதான்னு மூச்சுச் சத்தத்தை வெச்சே சொல்லிடுவா. (வெளியூர்க்காரங்க சிரிக்கலாம். இங்க அது உயிர் காக்கிற வித்தை.)

எங்க கோஷ்டியில ஒருத்தன் இருக்கான். பேர் வேண்டாம், கணக்குப்பிள்ளைன்னு வெச்சுக்குவோம், எஸ்டேட்காரங்களுக்கு ஏன்னு புரியும். அவன் கொண்டு வந்தது 'காபிலாக்'. அதாவது வார்லாக், சார்சரர்னு ரெண்டு வகை மந்திரவாதிகளை ஒரே ஆளுக்குள்ள சேர்க்கறது. 2014ல வந்த ஐந்தாம் பதிப்பு விதிப்படி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஓய்வெடுத்தாலே வார்லாக்கோட மந்திர சக்தி திரும்பிடும். சார்சரரோ இருக்கற சக்தியை உருமாத்திச் சேர்த்து வெச்சுக்கலாம். சேர்த்தது கரையறது முழுசாத் தூங்கி எழுந்தா மட்டும்தான். அப்போ என்ன செய்யணும்? தூங்கவே கூடாது! ராத்திரி பூரா ஒவ்வொரு மணி நேரமா உட்கார்ந்து எழுந்தா காலையில ஒரு பட்டாளத்துக்கு வேண்டிய மந்திரம் கையில. அதான் காபின்னு பேர். நீலகிரியில ஆடறப்போ டீலாக்னுதான் சொல்லணும்னு நான் வாதாடிப் பார்த்தேன், எடுபடல :)

ஒண்ணு சொல்லிடறேன், அவன் ஏமாத்தல. எல்லாமே புத்தகத்துல இருக்கு.

ஆனா எங்க கோஷ்டியில லவ்டேல்ல இருந்து வர்ற தோழி ஒருத்தி இருக்கா. அவ பாத்திரம் ஒரு பாடகி, பேசியே சண்டையைத் தீர்க்கறவ. பாலத்து மேல கொள்ளைக்காரங்க வழி மறிக்கறாங்க. அவ எழுந்து நின்னு அந்தப் பாடகியாவே பேச ஆரம்பிச்சா. மூணாவது வாக்கியத்துல கணக்குப்பிள்ளை பாலத்தையே கொளுத்திட்டான். இது மாதிரி மூணு வாரம் நடந்துச்சு. அப்புறம் ரெண்டு ஞாயிறு அவளுக்குத் "தலைவலி". இந்த மலையில அஞ்சாவதா ஒரு ஆளைத் தேடறது சுலபம் இல்லீங்க. அதைவிட, அவ பேசறதைக் கேட்கத்தான் நான் போறேன்.

இந்த இடத்துல எனக்கு ஞாபகம் வர்றது பில்லியர்ட்ஸ். 1907ல டாம் ரீஸ்னு ஒரு இங்கிலாந்துக்காரர். மூணு பந்து ஆட்டத்துல, தன் பந்தால மத்த ரெண்டையும் தொட்டா 2 பாயிண்ட். அவர் அந்த ரெண்டு பந்தையும் மூலைப் பையோட வாயில நகராதபடி நிறுத்தி, மெல்லத் தொட்டுத் தொட்டு வாரக்கணக்கா ஆடி 4,99,135 பாயிண்ட் எடுத்தார். அப்பவும் ஆட்டம் இழக்கல! பார்க்கறவன் கதி என்ன? எதிராளி கதி? அவர் செஞ்சதும் விதிப்படிதான். அப்புறம் அந்த அடியையே தடை பண்ணிட்டாங்க. டீலாக்குக்கும் இதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியல.

அடுத்தது ஸ்நூக்கர். நம்ம ஊர் ஆட்டம். 1875ல ஜபல்பூர்ல, மழைக்கால மத்தியானம் ஒண்ணுல, நெவில் சேம்பர்லைன்ங்கற ராணுவ அதிகாரி (பிரதமர் இல்லை, இவர் வேற ஆள்) விளையாட்டா ஆரம்பிச்சது. பிறகு அவர் ஊட்டிக்கு வந்தார். 1882ல ஊட்டி கிளப்போட பில்லியர்ட்ஸ் அறைச் சுவர்ல விதிகளை எழுதி மாட்டினாங்கன்னு சொல்வாங்க.

இந்த ஆட்டத்துல பிற்காலத்துல வந்த ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல்ல தொட வேண்டிய பந்தைத் தொடாம விட்டா ஃபவுல், எதிராளிக்குக் குறைஞ்சது 4 பாயிண்ட். கணக்குப்பிள்ளை மாதிரி ஆள் என்ன யோசிப்பான்? சிவப்புப் பந்துகளைக் கலைச்சுவிட்டு எதிராளிக்கு 40, 50 பாயிண்டுக்கு வழி விடறதைவிட, வேணும்னே தொடாம விட்டு 4 கொடுத்துட்டுப் போறது லாபம். அதனாலதான் 'மிஸ்' விதி. தொடறதுக்கு உண்மையாவே முயற்சி பண்ணினானா, இல்லையான்னு ரெஃப்ரி முடிவு பண்ணுவார். பண்ணலைன்னு அவருக்குப் பட்டா, எதிராளி கேட்டுக்கிட்டா, பந்துகளைப் பழைய இடத்துலயே வெச்சு மறுபடி அடிக்கச் சொல்லலாம். பந்து எங்க போச்சுங்கறதோட நிக்காம, அடிச்சவன் மனசுல என்ன இருந்துச்சுன்னும் பார்க்கற விதி. ரெஃப்ரிங்க தப்பும் பண்ணுவாங்கதான், திட்டும் வாங்குவாங்க. ஆனா அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு ஆள் இருக்கார்.

எங்க அக்கா இதெல்லாம் படிச்சாங்களான்னு கேட்டா, இல்லை. தடையும் போடல. போன ஞாயிறு நோட்டை மூடி வெச்சுட்டு அவன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "உன் ஆளு ஏன்டா தூங்க மாட்டேங்கறான்?"

"ரூல் புக்ல இருக்குக்கா."

"ரூலைக் கேட்கல. அவனைக் கேட்கறேன்."

கணக்குப்பிள்ளை ரொம்ப நேரம் பேசல. மழைச் சத்தம் மட்டும். அப்புறம் சொன்னான்: "எங்கப்பா ஃபேக்டரில நைட் ஷிஃப்ட்டுக்கா. கொழுந்து நிறைய வர்ற சீசன்ல வீட்டுக்கு வந்தாலும் தூங்க மாட்டார். கண்ணை மூடினா மெஷின் நின்னுடும்னு பயம். என் ஆளுக்கும் அப்படித்தான். அவன் தூங்கினா ஏதோ நின்னுடும்."

இவ்வளவு நாள் பாலத்தைக் கொளுத்தினவன் இவன்தானான்னு இருந்துச்சு எனக்கு.

அக்கா சரின்னுட்டாங்க. கூடவே 2017ல வந்த ஸானதார்ஸ் கைடு புத்தகத்துல இருக்கற ஒரு விதியையும் எடுத்தாங்க: தூங்காம 24 மணி நேரம் போனா உடல் உறுதிக்குப் பகடை உருட்டணும், 10க்குக் குறைஞ்சா களைப்பு ஒரு படி ஏறும். விடாம முழிச்சிருந்தா ஒவ்வொரு நாளும் அந்த 10, 15 ஆகும், 20 ஆகும். அவன் கோபப்படுவான்னு நினைச்சேன். உற்சாகமா உருட்டினான். ரெண்டாவது நாள் தோத்தான். களைப்போட முதல் படியிலயே, அடிதடி தவிர மத்த திறமைகளுக்கு ரெண்டு பகடை உருட்டிக் குறைஞ்சதைத்தான் எடுத்துக்கணும். பேசி இணங்க வைக்கறதும் அதுல சேர்த்தி.

இப்போ கதையில நாங்க நிக்கறது ஒரு கோட்டை வாசல்ல. உள்ள எங்க ஆளுங்க கைதியா இருக்காங்க, அதனால கொளுத்த முடியாது. காவல்காரன்கிட்ட பேசித்தான் உள்ள போகணும். கணக்குப்பிள்ளையோட மந்திரவாதிக்கு நாக்கு குழறுது.

நேத்து ராத்திரி அவனே லவ்டேலுக்கு போன் பண்ணியிருக்கான். "நீ வராம கேட்டைத் தாண்ட முடியாது, தாயே." அதுக்கு அவ, "அந்த ஆளைப் போய்த் தூங்கச் சொல்லு முதல்ல"ன்னாளாம். வர்றேன்னும் சொல்லல, வரலைன்னும் சொல்லல. ஞாயிறுக்கு அஞ்சு பேருக்குக் கணக்குப் பண்ணி வர்க்கி வாங்கி வெச்சிருக்கேன்.