மூக்கும் பருவமும்

தும்மலுக்கு அர்த்தம் கிடையாது. ஆனால் தும்முகிறவனைச் சுற்றியிருப்பவர்கள் அதற்கு அர்த்தம் சொல்லாமல் இருப்பதில்லை. பாட்டிக்கு அது சகுனம். அம்மாவுக்குச் சூட்டு உடம்பு. வங்கியில் பக்கத்து இருக்கைக்காரர் 'அலர்ஜி ஸார்' என்று முடித்துவிடுகிறார். விஞ்ஞானம் போல ஒலிப்பதால் விசாரணை அத்துடன் நின்றுபோகிறது. 1906ல் இச்சொல்லை உண்டாக்கிய வியன்னா மருத்துவர் க்ளெமென்ஸ் வான் பிர்க்கே, வெளிப்பொருள் ஒன்று பட்டபிறகு உடம்பின் எதிர்வினை மாறிப்போவதைக் குறிக்கத்தான் அதைப் பயன்படுத்தினார். நம் பேச்சில் உடம்பு மிஞ்சிற்று; வெளிப்பொருள் காணாமல் போய்விட்டது.

எனக்குத் திருவள்ளூரில் வீடு, கும்மிடிப்பூண்டியில் வேலை. பேஸின் பிரிட்ஜில் வண்டி மாற வேண்டும். மார்கழி பிறந்தால் மூக்கு அடைக்கும், கண் அரிக்கும், விடியற்காலையில் பத்துப் பதினைந்து தும்மல். வைத்தியத்துக்குக் குறைவில்லை. தூதுவளை ரசம், ஆடாதோடைக் கஷாயம், நொச்சித் தழை போட்டு ஆவி, தேனில் குழைத்த திரிகடுகம், மூக்கில் இரண்டு சொட்டு அணு தைலம். எங்கள் ஊரில் பெருமாளே வைத்தியர்: வைத்திய வீரராகவர். அவர் கோயில் குளத்தில் வெல்லத்தைப் போடுவார்கள். வெல்லம் கரைவதுபோல் நோய் கரையுமாம். ஒரு நல்ல உவமை இது. உவமையாக வைத்துக்கொள்ளும்வரை யாரையும் ஏமாற்றுவதில்லை.

'இயற்கை' என்ற சொல்தான் ஏமாற்றுகிறது. மருந்துக்கடையில் விற்கும் ப்ரோம்ஹெக்ஸின், ஆடாதோடையிலுள்ள வாசிசின் என்ற பொருளை ஒட்டிச் செய்யப்பட்டது. வேலியோரச் செடியும் சிரப் பாட்டிலும் உறவுக்காரர்கள். இரண்டும் சளியை இளக்கும், ஒவ்வாமையைத் தடுக்காது. ஆவி சிறிது நேரம் அடைப்பை நீக்கும். காய்ச்சி ஆறிய உப்புநீரால் மூக்கைக் கழுவினால் தூசி போகும். இன்னொரு பக்கம், பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2004ல் ஓர் ஆய்வு வந்தது. இயற்கை என்பது நற்சாட்சிப் பத்திரம் அல்ல.

குமாஸ்தாவுக்குக் கணக்கு எழுதத் தெரியும். ஒரு நோட்டில் இரண்டு பத்திகள் போட்டேன். இடப்பக்கம் அன்று சாப்பிட்ட மருந்து. வலப்பக்கம் அன்று இருந்த இடம். மார்கழியிலிருந்து ஆடிவரை. மாசி முடிய இரு ஊர்களிலும் தும்மல். கஷாயம் குடித்த நாட்களில் கொஞ்சம் குறைவு. சித்திரைக்குப் பிறகு, திருவள்ளூரில் கழித்த ஞாயிறுகளில் மூக்கு சுத்தம். தொழிற்பேட்டைப் பக்கம் போன நாட்களில் தும்மல் திரும்பிவந்தது, இடப்பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும். ஒருவனுடைய நோட்டு நிரூபணமாகாது. ஆனால் டீசல் புகைத்துகள் மகரந்த ஒவ்வாமையை அதிகப்படுத்தும் என்பது ஆய்வாளர்கள் அறிந்தது. இரும்பு உருக்கும் உலைகளுக்கோ லாரிகளுக்கோ மார்கழி, ஆடி என்ற பேதம் இல்லை. பருவநோய் என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததில் பாதிக்குப் பருவமே கிடையாது.

என் கவுண்ட்டருக்கு வரும் ஒப்பந்தத் தொழிலாளிகள் பெரும்பாலும் பீகார், ஒடிஷாக்காரர்கள். கழுத்துத் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டே ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். அவர்களுக்குத் தூதுவளை ரசம் வைத்துக்கொடுக்க ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போய் மூச்சுவிடத் திருவள்ளூரும் இல்லை. 'இவனுக்கு உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை' என்று மேஸ்திரி சொன்னால், வேறு உடம்பு தேடிக்கொள்ளலாம் என்று பொருள். உடம்பை எழுவாயாக வைத்த வாக்கியம் வேலையையும் பறிக்கும்.

தமிழில் இன்னொரு வாக்கியம் இருக்கிறது: எனக்கு அது ஒவ்வாது. இதில் நான் நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறேன். எழுவாய் 'அது'. எது என்று கேட்காமல் இந்த வாக்கியம் முடிவதில்லை. கஷாயத்தை நான் நிறுத்தவில்லை. அதைக் குடித்துக்கொண்டே கேட்கலாம்.