கடைசிக் கூடையின் எடை

2025 நவம்பர் 3ஆம் திகதி. பதுளையில் இன்னும் விடிந்திருக்கவில்லை. தொலைபேசி மணி அடித்தது. அந்த வேளையில் அழைப்பு வந்தால், யாருக்கு என்ன நேர்ந்ததோ என்று பதறுவது எங்கள் வீட்டு வழக்கம். எடுத்தேன். டொரொன்டோவில் இருக்கும் அக்காவின் மகன்.

"மாமா, ஹாம்லின் தோத்துப் போயிட்டான். அநியாயம் மாமா!"

யாரும் சாகவில்லை என்ற நிம்மதியில் நாற்காலியில் சாய்ந்தேன். மருமகனுக்கு அமெரிக்காவின் நாஸ்கார் கார்ப் பந்தயத்தில் பெரும் பித்து. எனக்குத் தெரிந்த பந்தயம் பக்கத்துத் தியத்தலாவையின் பொக்ஸ்ஹில் பந்தயம்தான். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி அங்கே ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்மீது பாய்ந்து 7 பேர் மாண்டார்கள். அதன்பின் அந்தப் பெயரைச் சொன்னாலே மனம் கனக்கிறது. ஆனால் அங்கே வெற்றியைத் தீர்மானிப்பதில் குழப்பமில்லை. எல்லைக் கோட்டை முதலில் தாண்டியவன் வென்றவன்.

ஆண்டு முழுவதும் 36 பந்தயங்கள் ஓடி ஒரே ஒருவரைச் சம்பியனாக்குவது என்றால் கதை வேறு. அங்கே யாராவது கணக்கு எழுதியாக வேண்டும்.

2003இல் நாஸ்கார் பட்டத்தை வென்ற மட் கென்செத், அவ்வாண்டு ஒரேயொரு பந்தயத்தில்தான் முதலிடம் பெற்றார். வாரந்தோறும் முன்வரிசையில் முடித்துப் புள்ளிகளைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். 8 பந்தயங்களை வென்ற ரயன் நியூமனுக்குக் கிடைத்தது ஆறாம் இடம். வெற்றிக்கு மதிப்பில்லையா என்று இரசிகர்கள் கேட்டார்கள். அடுத்த ஆண்டே விதி மாறியது. 26 பந்தயங்களுக்குப் பிறகு முன்னணியில் நிற்பவர்களின் புள்ளிகளை ஏறக்குறையச் சமமாக்கி, எஞ்சிய பத்துப் பந்தயங்களில் மோதவிட்டார்கள். 2014இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கட்டம் கட்டமாக ஆட்களைக் கழித்து, கடைசிப் பந்தயத்துக்கு நால்வரை மட்டும் நிறுத்தி, அன்று அந்த நால்வரில் முந்தி வருபவருக்கே பட்டம் என்றார்கள்.

வேடிக்கையைப் பாருங்கள். அந்த 2014இல் இறுதி நால்வரில் ஒருவராக வந்தவர் அதே நியூமன். அவ்வாண்டு அவர் ஒரு பந்தயமும் வெல்லவில்லை. ஆயினும் பட்டத்துக்கு ஓரிடம் தள்ளி இரண்டாவதாக முடித்தார். எட்டு வெற்றிக்கு ஆறாமிடம்; வெற்றியே இல்லாமல் இரண்டாமிடம். 2020இல் 9 பந்தயங்களை வென்ற கெவின் ஹார்விக்கோ இறுதி நால்வருக்குள்ளேயே வரவில்லை.

மருமகனின் துக்கத்துக்குக் காரணம் டென்னி ஹாம்லின். அதுவரை 60 பந்தயங்களை வென்றும் ஒருமுறைகூடப் பட்டம் பெற்றிராதவர். பீனிக்ஸ் ஓடுபாதையில் நடந்த அந்த இறுதிப் பந்தயத்தில் 208 சுற்றுகள் முன்னால் ஓடினார். முடிய மூன்று சுற்றுகள் இருக்கையில் வேறொருவரின் டயர் காற்றுப் போக, மஞ்சள் கொடி எழுந்தது. மீண்டும் தொடங்கியபோது எல்லாம் தலைகீழானது. அன்று ஒரு சுற்றுக்கூட முன்னிலை வகிக்காமல், மூன்றாவதாக வந்த கைல் லார்சன் சம்பியன் ஆனார். லார்சன்மீது குற்றமில்லை. முன்பே எழுதி வைத்த விதிப்படிதான் அவர் ஓடினார்.

நான் அதைத்தான் சொன்னேன். "விதி எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே? பிறகு எப்படி அநியாயம்?"

தேநீரோடு வந்த அக்கா, ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தவர், இடையில் புகுந்தார். "தெரிஞ்சா மட்டும் நியாயமாகிடுமா, தம்பி? வருசம் பூரா எடுத்த கொழுந்தை விட்டுட்டு, கடைசிக் கூடையை மட்டும் தராசுல வச்சா அது என்ன கணக்கு?"

நான் வாயடைத்துப்போனேன். அக்கா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர்.

தோட்டத்துக் கணக்கு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நாள் வேலைக்கு எங்கள் மலையில் 'ஒரு பேர்' என்று பெயர். நிர்ணயித்த கிலோ குறைந்தால் அது 'அரைப்பேர்'. 2013இல் நாட்சம்பளம் 620 ரூபா. அதில் அடிப்படை 450, விலைப்பங்கு 30, வரவுக்கொடுப்பனவு 140. கொடுக்கப்பட்ட வேலை நாட்களில் நூற்றுக்கு 75 வந்தால்தான் அந்த 140. குறைந்தால், வந்த நாட்களுக்கும் கிடையாது.

அவ்வாண்டு ஒரு மாதம் அக்காவின் தோட்டத்தில் 25 நாள் வேலை. 19 நாள் போயிருக்க வேண்டும். மாமியாரை வைத்தியசாலையில் வைத்துப் பார்த்ததில் அக்கா போனது 18 நாள். ஒரே ஒரு பேர் குறைந்தது. போனது ஒருநாள் கொடுப்பனவல்ல. பதினெட்டு நாளின் 140 ரூபா, மொத்தம் 2,520 ரூபா. கணக்கப்பிள்ளையிடம் கேட்டபோது, விதி முன்பே தெரிந்ததுதானே என்றாராம். அன்று விடியற்காலையில் மருமகனிடம் நான் சொன்னதும் அதே சொல்.

இத்தனை வருடம் பத்திரிகையில் சம்பளப் பேச்சுவார்த்தைகளைப் பற்றி எழுதியவன் நான். மொத்தத் தொகையைத் தலைப்பில் போடுவோம். 75 என்ற அந்த வாசற்படி உள்ளே எங்கோ ஒரு வரியில் ஒளிந்திருக்கும். அந்த வரியில்தான் அக்காவின் 2,520 ரூபா இருந்தது என்பதை நான் அன்று நினைத்துப் பார்க்கவில்லை.

தவறாமல் வருபவருக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் பிழையில்லை. வெற்றிக்குக் கூடுதல் புள்ளி கொடுப்பதிலும் பிழையில்லை. ஒரு நாளின் குறை அந்த ஒரு நாளை மட்டும் குறைக்க வேண்டும். மற்ற நாட்களைத் தின்னக் கூடாது. எனக்குப் படும் நியாயம் இவ்வளவுதான்.

2019 ஒப்பந்தத்தில் வரவுக்கொடுப்பனவு நீங்கியது. பீனிக்ஸ் பந்தயம் முடிந்த அதே வாரம், 2025 நவம்பர் 7ஆம் திகதி, வரவு செலவுத் திட்டத்தில் அது திரும்பி வந்தது. 2026 ஜனவரி முதல் அடிப்படைச் சம்பளம் 1,350இலிருந்து 1,550 ரூபா, அதோடு அரசு தரும் 200 ரூபா வரவுக்கொடுப்பனவு, ஆக 1,750 என்று அறிவித்தார்கள். அந்த ஜனவரியிலேயே நாஸ்காரும் ஒற்றை இறுதிப் பந்தயத்தைக் கைவிட்டு, கடைசிப் பத்துப் பந்தயங்களின் புள்ளிகளையும் கூட்டும் முறைக்குத் திரும்பியது. மருமகன் மகிழ்ச்சியோடு அழைத்துச் சொன்னான்.

அக்காவிடம் இரண்டு செய்திகளையும் சொன்னேன். கார்க் கதையைக் கேட்டுத் தலையாட்டினார். மற்றதற்கு ஒரே கேள்விதான் கேட்டார்.

"அந்த இருநூறுக்கு எத்தனை பேர் போடணுமாம்?"