பப்பாளி மரத்தடியில் நான் கற்ற பாடம்



திருமறை ஓதக் கற்றுத் தரும் ஆசிரியன் ஒருவன் பூச்சிகளைப் பற்றி எழுதப் புகுந்தது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். நான் விலங்கியல் படித்தவனல்லன். வரலாற்றில் இளங்கலைப் பட்டம் பெற்று, பின்னர் மத்ரஸாப் பணிக்கு வந்தவன். ஆயினும் பதினைந்து ஆண்டுகளாக என் நெஞ்சை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு நிகழ்ச்சியை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அது நம் ஒவ்வொருவர் வீட்டுக் கொல்லையிலும் நிகழக்கூடியது.

அப்போது நான் திருவண்ணாமலையில், செங்கம் சாலையில் உள்ள ரமணாசிரமத்திற்கு எதிர்ப்புறத் தெரு ஒன்றில் வாடகை வீட்டில் குடியிருந்தேன். வாசலில் நின்றால் மலை முழுவதும் தெரியும். மயில் அகவும், குரங்குகள் ஓட்டைப் பிரிக்கும். நகரத்து மத்ரஸா தொலைவு என்பதால், அஸர் தொழுகைக்குப் பிறகு அப்பகுதிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் என் வீட்டுத் திண்ணைக்கே ஓத வருவார்கள். கொல்லையில் ஒரு பப்பாளி மரம் நின்றது. நோன்பு மாதத்தில் அதன் பழத்தைத் துண்டு போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது என் மனைவியின் வழக்கம்.

2010ஆம் ஆண்டுக் கோடையில் அம்மரத்தில் மாவைத் தூவியதுபோல் வெண்மை படர்ந்தது. இலைகள் சுருண்டன. காய்கள் பிசுபிசுத்து உதிர்ந்தன. அந்நாட்களில் தமிழகத்துப் பப்பாளித் தோட்டங்களையெல்லாம் அழித்துக்கொண்டிருந்த மாவுப்பூச்சி எங்கள் வீட்டிற்கும் வந்துவிட்டது.

ஒருநாள் ஓதிக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருவன், பத்து வயதிருக்கும், எழுந்து கொல்லைக்குப் போய்விட்டான். நான் அதட்டி அழைத்தேன். அவன் ஓர் இலையைக் கையிலேந்தி வந்து, "ஹஜ்ரத், இந்தப் புழு அந்த வெள்ளைப் பூச்சியைத் தின்னுது. இங்க பாருங்க, ஒண்ணுக்குக் குரங்கு மூஞ்சி இருக்கு!" என்றான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சினம் வந்தது. "ஓதுற நேரத்துல புழுவும் குரங்குமா?" என்று அவன் தலையில் குட்டி, இலையைப் பிடுங்கி எறிந்தேன். அதில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை.

மறுநாள் கடையிலிருந்து மருந்து வாங்கி வந்து மரம் நனைய அடித்தேன். ஒரு வாரம் கழித்து மீண்டும் அடித்தேன். மரத்தடியில் தேனீக்களும் வண்டுகளும் செத்துக் கிடந்தன. அச்சிறுவன் அவற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றான், ஒன்றும் பேசவில்லை. மாவுப்பூச்சியோ சில வாரங்களில் முன்னிலும் பெருகியது. மரம் பட்டது. அதற்குப் பிறகு அச்சிறுவன் என்னிடம் கேள்வி எதுவும் கேட்டதில்லை. அடுத்த ஆண்டு அவன் தந்தை தோல் தொழிற்சாலை வேலைக்காகக் குடும்பத்துடன் ஆம்பூருக்குப் போய்விட்டார்.

பல ஆண்டுகளுக்குப் பின் நூலகத்தில் பட்டாம்பூச்சிகள் பற்றிய நூல் ஒன்றைப் புரட்டியபோது ஒரு படம் என்னைத் திடுக்கிடச் செய்தது. குரங்கு முகம் போன்ற சிறியதொரு கூட்டுப்புழு! ஆங்கிலத்தில் 'ஏப்ஃபிளை' எனப்படும் பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழு அது. மற்றப் பட்டாம்பூச்சிகளில் பெரும்பாலானவற்றின் புழுக்கள் இலை தின்று வளர, இதன் புழுவோ மாவுப்பூச்சியைத் தின்று வளர்கிறது. அதன் வெண்துகளைத் தன்மேல் பூசிக்கொண்டு அதனிடையே மறைந்தும் வாழ்கிறது. மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் இளம்புழுவும் இப்படியே வெண்மையாக இருக்கும். நான் பகையென்று எண்ணி அழித்த வெண்மையில் பாதுகாவலரும் இருந்திருக்கிறார்கள். மாவுப்பூச்சியின் உடலை மெழுகுப் படலம் காக்கிறது. அதன் முட்டைகள் பஞ்சு போன்ற பைக்குள் இருக்கின்றன. ஆகவே மருந்துக்குப் பகை தப்பியது, துணை மாண்டது. பத்து வயதுப் பிள்ளை கண்டுபிடித்ததைப் பட்டம் பெற்ற ஆசிரியன் தரையில் எறிந்துவிட்டேன்.

இது என் அறியாமை மட்டுமன்று. உலகமே சிலவேளை இவ்வாறு இடறியிருக்கிறது. 1973ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் காங்கோ பகுதியில் மரவள்ளிக் கிழங்குப் பயிரை வேறொரு மாவுப்பூச்சி தாக்கியது. கோடிக்கணக்கான ஏழைகளின் அன்றாட உணவு அக்கிழங்கு. பூச்சி தென்அமெரிக்காவிலிருந்து வந்தது என்று உணர்ந்த அறிஞர்கள், அதன் இயற்கை எதிரியைத் தேடி அங்கே சென்றார்கள். தென்அமெரிக்காவின் வடபகுதியில் அதே போன்ற மாவுப்பூச்சி கிடைத்தது; அதனை உண்ணும் சிறு குளவிகளும் கிடைத்தன. ஆனால் அவை ஆப்பிரிக்கப் பூச்சியைத் தீண்டவில்லை. பின்னர்தான் தெரிந்தது, இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்பது. 1981இல் பராகுவே நாட்டில் உண்மையான இனமும் அதன் எதிரியான குளவியும் கண்டறியப்பட்டன. அக்குளவியை ஆப்பிரிக்காவில் பரப்பிய பின்னரே பயிர் மீண்டது. அப்பணிக்குத் தலைமையேற்ற ஹான்ஸ் ஹெரன் என்பவருக்கு 1995இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. உருவில் ஒத்த இரண்டு பூச்சிகளைப் பிரித்தறிவதற்குள் எத்தனை விளைநிலங்கள் பாழாயின என்பதை எண்ணிப் பாருங்கள்!

நம் நாட்டுப் பப்பாளிக்கும் அவ்வழியிலேயே விடிவு பிறந்தது. 2008இல் கோயம்புத்தூரில் அந்த மாவுப்பூச்சி இன்னதென்று இனங்காணப்பட்டது. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. ஆகவே அதன் இயற்கை எதிரிகளான நுண்ணிய குளவிகள் 2010இல் புவேர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வரவழைக்கப்பட்டு, பெங்களூர் ஆய்வு நிறுவனமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அவற்றைப் பெருக்கித் தோட்டங்களில் விட்டன. குளவி என்றதும் கொட்டுவதை எண்ணி அஞ்ச வேண்டாம். இவை கடுகினும் சிறியவை; மனிதரைக் கொட்டுவதில்லை. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு, அதனை உள்ளிருந்தே அழிப்பவை. மருந்தால் ஆகாதது இவற்றால் ஆயிற்று. நான் மருந்து அடித்த அதே ஆண்டில், கண்ணுக்குத் தெரியாத இந்த உதவி வந்துகொண்டிருந்தது. 2020இல் மரவள்ளி மாவுப்பூச்சியும் கேரளத்தில் காணப்பட்டுத் தமிழகத்தில் பரவியது. ஆப்பிரிக்காவைக் காத்த அதே குளவி பெனின் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு, 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடப்பட்டது.

நம் திருமறையில் தேனீயின் பெயரால் 'அந்நஹ்ல்' என்றும், எறும்பின் பெயரால் 'அந்நம்ல்' என்றும் அத்தியாயங்கள் உள்ளன. ஒன்பதாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அறிஞர் அல்ஜாஹிழ், உயிரினங்களைப் பற்றி 'கிதாபுல் ஹயவான்' என்ற பெருநூலையே எழுதினார். முன்னர் வாழ்ந்த நபி ஒருவர், தம்மை ஓர் எறும்பு கடித்ததற்காக எறும்புக் கூட்டம் முழுவதையும் எரிக்கச் செய்தார் என்றும், அதற்காக இறைவன் அவரைக் கண்டித்தான் என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. கடித்தது ஒன்று, எரிந்தது ஒரு சமுதாயம். இந்த ஹதீஸை அத்திண்ணையில் அதே பிள்ளைகளுக்கு நடத்தியவன் நான்தான். பாடம் என் நாவில் இருந்தது, கைக்கு இறங்கவில்லை.

ரமண மகரிஷியைப் பற்றி அவருடைய வரலாற்று நூல்களில் ஒரு செய்தி உண்டு. மலையில் நடந்தபோது அவர் தொடை புதரிலிருந்த குளவிக் கூட்டில் உரசிவிட்டது. குளவிகள் அந்தக் காலை மொய்த்துக் கொட்டின. கூட்டைக் கலைத்தது இந்தக் கால்தானே என்று அவர் அசையாது நின்றாராம். சமயம் எதுவாயினும், சிற்றுயிரின் வீட்டிற்கும் ஓர் உரிமை உண்டு என்ற எண்ணம் இம்மண்ணில் நெடுநாளாக உள்ளது.

அம்மலையே நமக்கொரு பாடசாலை. முன்னர் பெரிதும் மொட்டையாகி, ஆண்டுதோறும் கோடைத் தீயில் கருகி வந்த அதன் சரிவுகளில், 1988இல் தோன்றிய அண்ணாமலை ரீஃபாரஸ்டேஷன் சொசைட்டியும், பின்னர் ஃபாரஸ்ட் வே என்ற அறக்கட்டளையும் மரங்களை நட்டு வளர்த்திருக்கின்றன. மரத்தை மனிதன் நடலாம். ஆனால் அதன் பூவிலிருந்து பூவிற்கு மகரந்தத்தைச் சுமக்க மனிதனால் ஆகுமா? உதிர்ந்த சருகைக் கரையான் மண்ணாக்க வேண்டும். தேனீயும் வண்டும் பூவைக் காயாக்க வேண்டும். குஞ்சுக்கு ஊட்டப் பறவைக்குப் புழு வேண்டும். பூச்சியற்ற காடு, ஓதுவாரற்ற மத்ரஸா போன்றது. கட்டடம் நிற்கும், உயிர் இராது.

தாய்மார்களே! உங்கள் கறிவேப்பிலையிலோ எலுமிச்சையிலோ பறவை எச்சம் போன்ற கறுப்பு வெள்ளைப் புழுவைக் கண்டால் உடனே நசுக்காதீர்கள். சில நாட்களில் அது பச்சை நிறம் பெற்று, கூடு கட்டி, அழகிய பட்டாம்பூச்சியாக வெளிவரும். பிள்ளைகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். கால்களை எண்ணச் சொல்லுங்கள். ஆறு இருந்தால் பூச்சி, எட்டு இருந்தால் சிலந்தியின் இனம். இறக்கையை எண்ணச் சொல்லுங்கள். ஈக்கு இரண்டு, தேனீக்கு நான்கு. எந்தச் செடியில், எந்த நாளில், எதைத் தின்றது என்று எழுதச் சொல்லுங்கள். இவ்வளவுதான் இனங்காணும் கல்வியின் முதற்படி. பூச்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொசுவையும் கரப்பானையும் விரட்டத்தான் வேண்டும். எது எதுவென்று அறியாமல் கையை ஓங்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

இன்று என் வகுப்பில் பிள்ளை எவனாவது உள்ளங்கையை மூடிக்கொண்டு வந்து நின்றால், கிதாபை மூடி வைத்துவிட்டு முதலில் அவன் கையைப் பார்க்கிறேன். ஆம்பூரில் எங்கோ இளைஞனாக இருக்கும் அந்த மாணவன் இதனைப் படிக்க நேர்ந்தால், தன் ஹஜ்ரத்தை மன்னிக்க வேண்டும். நீ சொன்னது சரி மகனே. அதற்குக் குரங்கு முகம்தான் இருந்தது.

தன் படைப்பினங்களை உற்று நோக்கும் கண்களையும், அவற்றின்மேல் இரங்கும் நெஞ்சையும் நம் பிள்ளைகளுக்கு வல்ல இறைவன் தந்தருள்வானாக! ஆமீன்.