ஐந்து பைசாவின் ஊர்

எண்ணூர் பர்மா நகரிலிருந்து என் அத்தை அத்திப்பட்டுக்குக் குடிமாறி வந்தபோது கூடவே வந்த தகரப்பெட்டியில் 1972-ஆம் ஆண்டுக் கடிதங்கள் ஒரு கட்டு இருந்தன. காரைக்குடிப் பக்கத்திலிருந்து உறவினர் எழுதியவை. அப்போது இன்லேண்ட் லெட்டரில் 15 பைசாத் தபால்தலை அச்சாகியே இருக்கும். இவற்றில் அதன் பக்கத்திலேயே இன்னொரு 5 பைசாத் தலை ஒட்டியிருந்தது. குடும்பக் கட்டுப்பாட்டுத் தலை. அதன் மேல் இந்தியிலும் ஆங்கிலத்திலும் ‘அகதிகள் நிவாரணம்’ என்று அச்சடித்திருந்தார்கள். கட்டிலிருந்த போஸ்ட் கார்டுகளில் மட்டும் அது இல்லை.

“அது எங்களுக்காக வசூல் பண்றாங்கன்னு அப்ப பேசிக்கிட்டாங்கப்பா” என்றார் அத்தை. அவர் குடும்பம் 1964-இல் ரங்கூனில் கடையை விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தது. அகதி என்ற சொல்லைத் தபாலில் பார்த்ததும் அவர்களுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். அந்த 5 பைசா யாருக்குப் போனது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

அண்ணா சாலைத் தபால் நிலையத்துத் தபால்தலைப் பிரிவில் விசாரித்தேன். அங்கே வந்திருந்த ஒருவர், ராயபுரத்தில் வெகுகாலமாகத் தலை சேர்க்கும் பெரியவரிடம் அனுப்பினார். அவர் கடிதங்களைத் திருப்பிப் பார்த்தார். முதலில் படித்தது முத்திரையில் இருந்த தேதியைத்தான். “தேதி தெரியுற மாதிரி உறையோட இருந்தாத்தான் தம்பி இதுக்கு மதிப்பு. தலையை மட்டும் கிழிச்சு எடுத்துடாதீங்க” என்றார்.

அந்த 5 பைசாவின் கதை இதுதான்: 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் பாகிஸ்தான் ராணுவத்தின் தாக்குதல் தொடங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து, இன்றைய வங்கதேசத்திலிருந்து, ஏறக்குறைய 1 கோடி பேர் இந்தியாவுக்குள் வந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட அரசுக்குப் பணம் வேண்டும். ரயில் கட்டணத்திலும் விமானக் கட்டணத்திலும் வரி ஏறியது. 1971 நவம்பர் 15 முதல் தபாலுக்கும் 5 பைசா கூடுதல். போஸ்ட் கார்டுக்கும் பத்திரிகைகளுக்கும் விலக்கு. 10 பைசாக் கார்டில் நலம் விசாரிக்கிறவர்களை விட்டுவிட்டார்கள். அந்த விலக்கை யோசித்த அதிகாரி யாரோ, அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

வரி அவசரமாக வந்தது. புதுத் தலை வரையவும் அச்சிடவும் நேரமில்லை. கைவசம் ஏராளமாக இருந்த 5 பைசாக் குடும்பக் கட்டுப்பாட்டுத் தலையை எடுத்து நாசிக் அச்சகம் அதன் மேலேயே அச்சடித்தது. அதுவும் போய்ச் சேராத இடங்களில் உள்ளூரிலேயே வேலை நடந்தது. பெங்களூரிலும் ஜெய்ப்பூரிலும் அடித்த எழுத்துகளின் அமைப்பே வேறு. அகதிகளையே படமாகக் கொண்ட தனித்தலை டிசம்பர் 1-ஆம் தேதிதான் வந்தது. அளவான குடும்பம் ஆனந்தமாக வாழும் என்று சொல்ல வந்த ஒரு தலை, அதற்கு முன்பே குடும்பம் குடும்பமாக வீடிழந்தவர்களின் பெயரைச் சுமந்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது.

பெரியவர் ஆல்பத்தில் இன்னும் இரண்டு பக்கங்களைக் காட்டினார். ஒன்றில், 1947-இல் ஆறாம் ஜார்ஜ் தபால்தலைமேல் ‘பாகிஸ்தான்’ என்று அடித்தது. அதுவும் நாசிக்கில் அச்சடித்ததுதான். அடுத்ததில், வங்கதேச விடுதலைக்குப் பின் பாகிஸ்தான் தலைகள்மேல் ‘பங்களாதேஷ்’ என்று ரப்பர் முத்திரை குத்தியவை. தேசங்கள் பிறக்கிற வேகத்துக்கு அச்சகங்கள் ஈடுகொடுக்க முடிவதில்லை. வரைந்து, பார்த்து, திருத்தி வெளியிடுகிற அழகான நினைவுத் தலைகளைவிட இந்த அவசர அச்சுகளில்தான் வரலாறு எனக்கு நெருக்கமாகத் தெரிகிறது.

கடிதத்தோடு வரி கேட்பது இந்தியா கண்டுபிடித்த வழியல்ல. 1874-இலேயே ஸ்பெயின் போர் வரித் தலை வெளியிட்டிருக்கிறது. சைப்ரஸ் 1974-இல் இரண்டுபட்டபின் அங்கும் அகதி நிதித் தலை வந்தது. அது பல பத்தாண்டுகள் தாண்டியும் ஓயவில்லை. நம் வரி 1973 மார்ச் 31-உடன் முடிந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் 1972-இன் தொடக்க மாதங்களிலேயே ஊர் திரும்பிவிட்டார்கள். அதற்குப் பிறகும் ஓராண்டு அந்த 5 பைசாவை ஒட்டிக்கொண்டிருந்தோம். அதில் எனக்கு மனக்குறை இல்லை. அத்தனை பேருக்குச் சோறு போட்ட கடன் அவர்கள் போன மறுநாளே தீர்ந்துவிடுமா?

விவரத்தை அத்தையிடம் சொன்னேன். “அப்ப வாங்குனவங்க இல்ல, குடுத்தவங்கதானா நாங்க?” என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சென்னையில் ஒட்டிய உறை ஒன்று, 1971 நவம்பர் 15-க்கும் டிசம்பர் 1-க்கும் இடைப்பட்ட முத்திரையோடு, இன்னும் என் கைக்கு வரவில்லை. எண்ணூர், திருவொற்றியூர், வியாசர்பாடி வீடுகளில் அந்த வருடத்துக் கடிதங்கள் கிடந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். உறையோடு வையுங்கள், தலையை நீரில் ஊறவைத்துப் பிரிக்க வேண்டாம்.