மேற்கதவு திறக்கவில்லை

போர்ட் பிளேர் 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றது. 2020-இல் நெய்வேலி நிறுவனம் இங்கு 20 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்தது. ஆயினும், இரவில் இன்வெர்ட்டரின்றி உறங்க நமக்குத் துணிவில்லை. அன்னையாருக்கு மூச்சுத் திணறல். நெபுலைசர் எவ்வேளையிலும் ஓடவேண்டும்.

நம் இன்வெர்ட்டர், பாலிடெக்னிக்கில் பயிலும் மகன் தன் கையால் அமைத்தது. ஒருநாள் இரவு மின்சாரம் நின்றது, அதுவும் ஓடவில்லை. அன்னையார் விடியும்வரை சன்னலருகே அமர்ந்தே கழித்தார். "சூட்டுக்கோலை அதிக நேரம் வைத்துச் சில்லைக் கெடுத்தாய்" என்று மகனைக் கடிந்தோம். அவன் மறுமொழி கூறவில்லை.

அந்தச் சில்லின் பெயர் ஐஆர் 2110. மாஸ்ஃபெட்டுகளின் வாயில்களைத் திறந்து மூடுவது அதன் பணி. கீழ் வாயிலுக்குப் பன்னிரண்டு வோல்ட் நேரே கிட்டும். மேலுள்ளது அத்தகையதன்று, பாட்டரியின் அழுத்தத்திற்கும் மேலே பத்து வோல்ட் வேண்டும். அதற்கென ஒரு சிறு மின்தேக்கி உண்டு. கீழ் மாஸ்ஃபெட் கடத்தும் கணத்தில் டயோடு வழியே அது நிரம்பிக்கொள்ளும். அச்சேமிப்பே மேல்வாயிலைத் திறக்கும். ஏதத்துக்கு எடுத்துவைக்கும் குடத்து நீர் என்று கொள்க!

நிற்க. சென்னையிலிருந்து மூன்று நாட் கப்பற்பயணத்தில் புதிய சில்லுகள் வந்தன. மாற்றினோம், மேல்வாயில் அசையவில்லை. நாம் ஆறாம் காலை நிலத்தோடு அளந்து, எண் நிறைவாயிருக்கிறதென மகிழ்ந்திருந்தோம். மகன்தான், "அப்பா, ஐந்தாம் காலோடு அளக்க வேண்டும்" என்றான். அளந்தான்; ஆறு வோல்ட்டே இருந்தது. ஏறத்தாழ எட்டரைக்குக் கீழே போனால் வாயிலைத் திறக்க மறுப்பது அச்சில்லின் இயல்பு. அரைகுறையாய்த் திறந்தால் மாஸ்ஃபெட் சுட்டுக் கருகிவிடும் அல்லவா?

22 மைக்ரோஃபாரட் மின்தேக்கியின் கால்களில் பச்சை பூத்திருந்தது. உப்புக்காற்றின் வேலை! பலகையில் படிந்த ஈர உப்பு வழியே சேமிப்பெல்லாம் கசிந்திருந்தது. ஸ்பிரிட்டால் துடைத்து, புதிய மின்தேக்கி வைத்து, மேலே வார்னிஷ் பூசினோம். விளக்கு எரிந்தது, நெபுலைசரும் ஓடிற்று.

கழற்றிய பழைய சில்லைத் தீப்பெட்டியில் இட்டு, அதன்மேல் 'பழுது' என்று நாம் எழுதி வைத்திருந்தோம். மறுநாள் அதை அடித்துவிட்டு, 'நல்லது' என்று எழுதி மகனிடம் கொடுத்தோம். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.