டிக்... டிக்... யார் அது?

பெல்லைத் தவிர மற்றதெல்லாம் சத்தம் போடும் என்று சைக்கிளைப் பற்றி ஒரு பழைய ஜோக் உண்டு. அந்த மாதிரி சைக்கிள்களால் தொந்தரவே இல்லை. யார் வருகிறார் என்று தெருவுக்கே தெரியும். தொந்தரவு தருவது, எல்லாம் ஒழுங்காக இருந்து, ஒரே ஓர் இடத்தில் மட்டும் 'டிக்' என்கிற சைக்கிள்தான். பரணில் இருக்கும் பல்லி மாதிரி. குரல் வரும், ஆள் அகப்படாது.

என்னுடையது வளைந்த ஹேண்டில்பாரும் மெல்லிய டயருமாக ஒரு கியர் சைக்கிள். விடியற்காலையில் தூத்துக்குடி டவுனிலிருந்து வ.உ.சி. துறைமுகம் வரை போய்த் திரும்புவேன். வழியில் உப்பளங்கள், கடல்காற்று, கூடவே கன்டெய்னர் லாரிகள். ஒரு நாள் உப்பளம் தாண்டும்போது ஆரம்பித்தது அந்த 'டிக்'. அழுத்தி மிதித்தால் வரும். மெதுவாக மிதித்தால் வராது.

முதல் கடையில், "செயின் போச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். இரண்டாவது கடையில் ஃப்ரீவீல். மூன்றாவது கடையில் பி.பி. செட். பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் இலவசமாக, "சைக்கிளையே மாத்திடுங்களேன்" என்றார். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அவர் சொன்னதுதான் மலிவு!

கடைசியில் எங்கள் பக்கத்து அண்ணாச்சி ஒருவரிடம் போனேன். நாற்பது வருடமாக சைக்கிள் கடை. ஸ்பானரையே அவர் தொடவில்லை.

"சத்தம் கேக்குற எடத்துல இருக்காது தம்பி. பிரேமு பூரா வெறும் குழாயில்லா? ஒரு முனையில தட்டுனா மறு முனையில கேக்கும். காத நம்பாதீய, எண்ணிப் பாருங்க."

எதை எண்ணுவது? அவர் கணக்கு இதுதான். முன்னால் 50 பல், பின்னால் 25 பல் என்றால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது பின்சக்கரம் இரண்டு சுற்று சுற்றும். 110 கண்ணி உள்ள செயின் முழுதாக ஒரு தடவை வந்து சேர, பெடல் இரண்டு சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். ஆகவே பெடல் சுற்றுக்கு இரண்டு 'டிக்' என்றால் பின்சக்கரத்தைப் பார். இரண்டு சுற்றுக்கு மேல் ஆகி ஒரு 'டிக்' என்றால் செயினில் ஒரு கண்ணி இறுகிப்போயிருக்கும். சுற்றுக்கு ஒன்று என்றால் கிராங்க், பெடல், பி.பி. இந்த மூன்றில் ஒன்று.

ஓட்டிப் பார்த்தேன். சுற்றுக்குச் சரியாக ஒன்று. கியர் மாற்றினாலும் ஒன்றுதான். செயினும் ஃப்ரீவீலும் விடுதலை. மிதிக்காமல் ஓடவிட்டால் சத்தமில்லை. சக்கரம் விடுதலை. எழுந்து நின்று மிதித்தாலும் சத்தம் உண்டு. சீட் விடுதலை. வலது காலால் மட்டும் மிதித்தேன், மௌனம். இடது காலால் மட்டும்... டிக்!

"பி.பி.ய அப்புறம் பாப்போம். செலவில்லாதத மொதல்ல கழட்டுவோம்" என்று இடது பெடலில் ஸ்பானரைப் போட்டார்.

இடது பெடலுக்கு மரை தலைகீழ். மிதிக்க மிதிக்க அது தானாகக் கழன்று வராமலிருக்க இந்த ஏற்பாடு. அமெரிக்காவில் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள், 1900-ல் கழலாத பெடல் என்று இப்படி ஒன்றை விளம்பரம் செய்தார்கள். 1903-ல் விமானத்தில் பறந்தது அதற்கப்புறம்தான்.

பெடல் வெளியே வந்ததும் மரை முழுக்க வெள்ளைப் பொடி.

"உப்பா அண்ணாச்சி?"

"உப்பு இல்ல. உப்பு செஞ்ச வேல."

கிராங்க் அலுமினியம், பெடல் தண்டு இரும்பு. இரண்டுக்கும் நடுவே உப்பு ஈரம் புகுந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. அந்த பேட்டரி தின்பது அலுமினியத்தை. கிரீஸ் காய்ந்துபோன மரையில் அந்தப் பொடி உரசுவதுதான் 'டிக்'.

"தொடச்சு கிரீஸ் வச்சா சத்தம் நின்னுரும்" என்றார் அண்ணாச்சி. ஆனால் வைக்கவில்லை. பெடல் மாட்டும் துளையைச் சுற்றி மண்ணெண்ணெய் தடவிச் சற்று ஊறவிட்டார். பிறகு நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைப் பூசினார். இருவரும் டீ குடித்தோம்.

குடித்துவிட்டுப் பார்த்தால், வெள்ளைப் பொடியின் மேல் மயிரிழை மாதிரி ஈரமாக ஒரு கோடு! துளையிலிருந்து கிராங்கின் விளிம்பு வரை விரிசல். உள்ளே புகுந்த மண்ணெண்ணெயைச் சாக்பீஸ் வெளியே இழுத்துக் காட்டிவிட்டது. அந்தக் காலத்தில் ரயில்வே ஒர்க்‌ஷாப்புகளில் அச்சுகளை இப்படித்தான் சோதித்தார்கள். இன்று வெல்டிங்கைச் சோதிக்கச் சிவப்புச் சாயம் பூசுகிறார்களே, அதற்கு இதுதான் தாத்தா.

"பாத்தீயளா? கிரீஸ் மட்டும் வச்சு அனுப்பியிருந்தா சத்தம் போயிருக்கும், இது போயிருக்காது. லாரிக்கு முன்னால எந்திரிச்சு நின்னு மிதிக்கையில பெடலோட கையில வந்திருக்கும்."

எனக்குக் குடித்த டீ இறங்க மறுத்தது.

இடது கிராங்க் மட்டும் மாற்றினோம். மூன்று கடைக்காரர்கள் மாற்றச் சொன்ன மூன்றும் இன்றைக்கும் நன்றாகவே ஓடுகின்றன.

கடலோர ஊர்க்காரர்களுக்கு அண்ணாச்சியின் யோசனை: ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு பெடலையும் கழற்றி, துடைத்து, கிரீஸ் வைத்து மாட்டுங்கள். இடது பக்கம் தலைகீழ் மரை, ஞாபகம் இருக்கட்டும்.

பழைய கிராங்கை அவர் எனக்குத் தரவில்லை. கடை வாசலில் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். யாராவது வந்து, "சும்மா ஒரு சத்தம்தான் அண்ணாச்சி, ஓட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றால் அவர் பதில் பேசுவதில்லை. அதைக் காட்டிவிட்டு, சாக்பீஸைத் தேடுகிறார்.