தூக்கிப் பிடித்த லிவரும் கொதித்த எண்ணெயும்

"பம்ப் போச்சுங்க, மாத்தித்தான் ஆகோணும்னு டவுன் பட்டறையில சொல்லிட்டாங்க" என்றார் தோப்புக்காரர். ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்பு. மரத்துக்கு மரம் 25 அடி. அந்த இடைவெளியில் புகுந்து திரும்புவதற்கு இருபது எச்.பி.யைச் சற்றே தாண்டிய மினி டிராக்டர்தான் தோது. அதன் பின்னால் சின்ன ரோட்டவேட்டர் மாட்டிக் களை ஓட்டுகிறார்கள். ஒரு மணி நேரம் ஓடினால் சீட்டுக்கு அடியில் உள்ள ஹவுசிங்கில் கை வைக்க முடியவில்லை. லிஃப்ட் ஏறுவது மந்தமாகிறது. தூக்கி நிறுத்திய ரோட்டவேட்டர் தானாக இறங்குகிறது. எண்ணெயை மாற்றிப் பார்த்தாகிவிட்டது; சில வாரம் கழித்து மறுபடி அதே சூடு.

என்னோடு வந்திருந்த மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரை வெளியே எடுக்கவில்லை. டிரைவர் தம்பியைத்தான் கூப்பிட்டார். "எப்பக் கண்ணு ரொம்பக் கொதிக்குது? ஓட்டறப்பவா, சும்மா நிக்கறப்பவா?"

"ஓட்டறப்ப அவ்வளவாத் தெரியாதுங்ண்ணா. அடுத்த தோப்புக்கு ரோட்டவேட்டரைத் தூக்கிட்டுப் போறப்பதான். போய் நிறுத்தறதுக்குள்ள பத்திக்கிற மாதிரி ஆயிருது."

தோப்புக்காரருக்கே இது புதுச் செய்தி. பட்டறையில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை. வண்டியில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவனைக் கேட்காமல் பாகத்தைக் கழற்றும் பழக்கம் நம் ஊரில் அதிகம். அதற்கு விவசாயி கொடுக்கும் விலையும் அதிகம் என்பதால் இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

மினி டிராக்டர்கள் பலவற்றில் கியருக்கும் டிஃபரன்ஷியலுக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட்டுக்கும் ஒரே எண்ணெய்தான். எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டியானால் அதற்கும் அதேதான். எனவே எண்ணெய் சுடுகிறது என்றவுடன் ஹைட்ராலிக் மேல் பழி போட முடியாது. பிரேக் பிடித்துக்கொண்டே ஓடினாலும் சுடும். எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தால், பல்சக்கரங்கள் அதைக் கடைந்து கடைந்தே சுட வைக்கும், நுரையும் கட்டும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, லிஃப்ட்டை இறக்கி, எஞ்சினை அணைத்து, எண்ணெய் படியும்வரை காத்திருந்து டிப்ஸ்டிக்கை உருவினோம். அளவு சரி. பால் கலந்த வெளுப்பு இல்லை, ஆகவே தண்ணீர் இறங்கவில்லை. ஆனால் நிறம் கறுத்திருந்தது, முகர்ந்தால் தீய்ந்த வாடை. போட்டு ஒரு சீசன்கூட ஆகாத எண்ணெய். ஷெட்டில் கிடந்த காலி டின்னையும் பார்த்தோம், டிராக்டருக்கான யூ.டி.டி.ஓ. வகைதான், மேனுவலில் உள்ள அதே கிரேடு. மூழ்கு பிரேக் வண்டியில் கைக்குக் கிடைத்த சாதாரண கியர் ஆயிலை ஊற்றி வைத்திருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். இங்கே அந்தத் தவறு நடக்கவில்லை.

அடுத்து ஹவுசிங். அதைப் பார்த்ததும் அண்ணன் முகம் சுருங்கியது. களிமண்ணும் மட்டை நாரும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து விரற்கடை கனத்துக்கு அப்பியிருந்தன. இந்த வண்டியில் ஹைட்ராலிக் எண்ணெயைக் குளிர்விக்கத் தனிக் கூலர் கிடையாது. உள்ளே பிறக்கும் சூடு அந்த வார்ப்பிரும்பின் மேல்பரப்பு வழியாகத்தான் காற்றில் கலக்க வேண்டும். சுரண்டி, தண்ணீர் அடித்துக் கழுவியதில் பாதிக் காலை போனது. வீணாகவில்லை. இனி வெப்பமானி காட்டுவது மண்ணின் சூடாக இராது, இரும்பின் சூடாக இருக்கும்.

துப்பாக்கி மாதிரி நீட்டிப் பிடிக்கும் வெப்பமானியால் ஒவ்வோர் இடமாக அளந்து சாக்பீஸால் எழுதி வைத்தோம். எஞ்சின் ஆறியிருந்தபோது எங்கும் 34 டிகிரி. பிறகு ரோட்டவேட்டரை இறக்கிக் கழற்றி வைத்துவிட்டு, லிஃப்ட் லிவரைப் பாதியில் விட்டு, தோப்பைச் சுற்றி வெறுமனே ஓட்டிவிட்டு வந்தோம். இரண்டு பக்க பிரேக் ஹவுசிங்கும் ஏறக்குறைய ஒரே சூடு. பின் சக்கரங்களை ஜாக்கியில் ஏற்றிக் கையால் சுற்றினால் தடையில்லாமல் சுற்றின. பிரேக் மேல் சந்தேகம் தீர்ந்தது.

ரோட்டவேட்டரை மறுபடி மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, லிவரைப் பாதியில் நிறுத்தினோம். பத்து நிமிடத்தில் பம்ப்பிலிருந்து போகும் குழாய் 41 டிகிரி. பம்ப்பில் எந்த இரைச்சலும் இல்லை. உறிஞ்சும் பக்கத்து ஸ்ட்ரெய்னர் அடைத்திருந்தால் லிவர் எங்கே இருந்தாலும் பம்ப் அழும், எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கையில் இன்னும் அதிகமாக அழும். இங்கே அப்படி இல்லை.

"இப்ப நீ வழக்கமாத் தூக்கற மாதிரித் தூக்கு கண்ணு" என்றார் அண்ணன். தம்பி லிவரை ஒரே இழுப்பில் கடைசிவரை கொண்டுபோனான். ரோட்டவேட்டர் ஏறி நின்றது. கூடவே ஒரு சத்தம்: 'ஙீ...' என்று மெல்லிய, விடாத இரைச்சல். இரண்டு மூன்று நிமிடத்தில் லிஃப்ட் மூடியின் ஓர் ஓரம் மட்டும் 60 டிகிரியைத் தாண்டியது. ஓர் அடி தள்ளி இன்னும் 45தான். அண்ணன் குனிந்து லிவரை ஒரு விரற்கடை கீழே தட்டினார். இரைச்சல் நின்றது. ரோட்டவேட்டர் இருந்த உயரத்திலேயே நின்றது.

நோய் அதுதான். ஹைட்ராலிக்கில் சூடு என்பது வேலையாக மாறாமல் போன சக்தி. பம்ப் தள்ளும் எண்ணெய் பாரத்தைத் தூக்கினால் சக்தி அந்தப் பாரத்தோடு போய்விடும். எதையும் தூக்காமல் குறுகிய சந்தில் அழுத்தத்தோடு பிதுங்கினால் அவ்வளவும் சூடாகும். நல்ல நிலையிலுள்ள லிஃப்ட்டில், பாரத்தைத் தூக்கும் கைகள் மேலே போனதும் உள்ளிருக்கும் வால்வு தானாக நடுநிலைக்குத் திரும்பி, பம்ப் எண்ணெயை அழுத்தமில்லாமல் தொட்டிக்கே விட்டுவிடும். பிஸ்டன் முட்டும் முன்பே அது நடக்கும்படி, லிவர் ஓடும் தகட்டில் ஒரு ஸ்டாப் போல்ட் வைத்திருப்பார்கள். இந்த வண்டியில் அந்த போல்ட் இல்லை. வரப்பில் ரோட்டவேட்டர் இடிக்கிறது, இன்னும் கொஞ்சம் உயரட்டும் என்று யாரோ எப்போதோ கழற்றியிருக்கிறார்கள். அதனால் பிஸ்டன் முட்டிய பிறகும் வால்வு 'தூக்கு' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. எண்ணெய்க்குப் போக்கிடம் இல்லை. ரிலீஃப் வால்வைத் திறந்துகொண்டு பிதுங்குகிறது. அடுத்த தோப்புக்குப் போகும் வழி முழுக்க அப்படித்தான்.

தோப்புக்காரர் நம்பத் தயங்கினார். "இத்துனூண்டு லிவருக்கா இம்புட்டுச் சூடுங்க?" கணக்கைச் சாக்பீஸால் மட்கார்டிலேயே போட்டுக் காட்டினேன். நிமிடத்துக்கு 20 லிட்டர் எண்ணெய் 150 பார் அழுத்தத்தில் ரிலீஃப் வால்வு வழியாகப் போனால், இரண்டையும் பெருக்கி 600ஆல் வகுக்க வேண்டும்: 5 கிலோவாட். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்புகள் இரண்டரையை எண்ணெய்க்குள் இறக்கி வைத்த மாதிரி. 20 லிட்டர் எண்ணெயை மட்டும் கணக்கில் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 8 டிகிரி ஏறும். சுற்றியுள்ள இரும்பு பெரும்பகுதியை வாங்கிக்கொள்வதால் அவ்வளவு வேகமாக ஏறுவதில்லை, ஆனால் விடாமல் ஏறும். 5 கிலோவாட் என்றால் கிட்டத்தட்ட 7 எச்.பி. இந்தச் சின்ன எஞ்சினின் திறனில் கால் பங்குக்கு மேல். டீசல் அதிகம் குடிக்கிறது என்று அவர் தனியாகச் சொன்ன குறைக்கும் இதில் பங்கிருக்கும்.

எண்ணெய் 80 டிகிரியைத் தாண்டிக் கிடந்தால் சீல்கள் கெட்டிப்பட்டு வெடிக்கத் தொடங்கும். எண்ணெயும் அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் கெடும். தீய்ந்த வாடைக்கு அதுதான் காரணம். எண்ணெயை மாற்றியும் பலன் இல்லாததற்கும் அதுதான் காரணம்.

பம்ப்பைப் பற்றியும் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருந்தது. டிப்பிங் டிரெய்லருக்கு எண்ணெய் எடுக்கும் துளையில் பிரஷர் கேஜை மாட்டி, சில நொடிகள் மட்டும் லிவரைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தோம். மேனுவலில் 150 பார்; எண்ணெய் நன்றாகச் சூடேறிய நிலையிலும் முள் 145இல் நின்றது. தேய்ந்த பம்ப் சூட்டில் இந்த அழுத்தத்தைத் தராது. தோப்புக்காரர் பெருமூச்சு விட்டார். மாற்றச் சொன்ன பம்ப் கொஞ்சநஞ்ச விலை இல்லை.

இந்த வேலையில் இரண்டு விஷயங்களில் அண்ணன் யாரையும் விடுவதில்லை. தூக்கிய ரோட்டவேட்டருக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுக்காமல் ஒருவரும் தலை நுழைக்கக் கூடாது. ஹோஸில் கசிவு தேடக் கையைக் கொண்டுபோகக் கூடாது. அட்டைத் துண்டால்தான் தேட வேண்டும். ஊசிமுனைத் துளையிலிருந்து பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போனால் வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரலாம். தம்பி அதுவரை கையால்தான் தடவிப் பார்த்து வந்தானாம்.

கடையில் போல்ட்டும் நட்டும் வாங்கி வந்து, லிவரை மெல்ல மேலேற்றி, இரைச்சல் கேட்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஸ்டாப்பை நிறுத்தி இறுக்கினோம். வரப்பில் இடிக்காமலிருக்க டாப் லிங்க்கைச் சுருக்கியதே போதுமானதாக இருந்தது. தீய்ந்த எண்ணெயை வடித்து, ஸ்ட்ரெய்னரைக் கழுவி, அதே கிரேடில் புதியது ஊற்றினோம். தம்பி ரோட்டவேட்டரைத் தூக்கிக்கொண்டு அடுத்த தோப்புக்குப் போய்த் திரும்பி வந்தான். மே மாத மதிய வெயிலிலும் லிஃப்ட் மூடி 54 டிகிரி.

எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தால் ரோட்டவேட்டர் இன்னும் மெல்ல இறங்கத்தான் செய்கிறது. வெந்துபோன பிஸ்டன் சீல் அது; ஸ்டாப் போல்ட்டால் சரியாகாது. தென்மேற்குப் பருவமழையில் தோப்பு ஓட்ட முடியாமல் வண்டி ஓய்ந்து நிற்கும்போது லிஃப்ட் மூடியைத் திறந்து சீல் மாற்றிக்கொள்ளலாம் என்று அண்ணன் சொல்ல, தோப்புக்காரர் சரியென்றார். அதுவரை வேலை முடிந்து நிறுத்தும்போதெல்லாம் ரோட்டவேட்டரைத் தரையில் இறக்கி வைத்துவிட வேண்டும் என்று தம்பியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.